எண்ணூர் லைன் பச்சை

மீன் வாடை எனக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை, சார். 2001-ல் ராயபுரத்தில் அந்த மீன் ஏற்றுமதி ஆபீஸில் சேர்ந்தபோது மற்றவர்களெல்லாம் கர்ச்சீப்பும் கையுமாகத் திரிந்தார்கள். நான் வியாசர்பாடி. எங்கள் பக்கம் மூக்குக்கு அவ்வளவு செல்லம் கொடுக்க மாட்டார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். கம்பெனிக்கு எண்ணூரில் ஒரு குளிர்கிடங்கு. மீனை உறைய வைக்க அங்கே குழாயில் அம்மோனியா ஓடுகிறது, மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் வாயு. அது கசிந்தால் சென்சார் ஒரு செய்தி அனுப்பும். செய்தி ரவுட்டர் வழியாக ராயபுரம் வந்து, என் ஸ்கிரீனில் பச்சையைச் சிவப்பாக்கும். ரவுட்டரை அமைத்தவளும் நான்தான், ஸ்கிரீனைப் பார்ப்பவளும் நான்தான்.

எண்ணூரில் சைரனும் இருந்தது. சும்மா சும்மா கத்துகிறது என்று மேனேஜர் வரதன் சார் கழற்றச் சொல்லிவிட்டார். மென்மையான காது அவருக்கு. அதிலிருந்து, மெஷின் ரூமுக்குள் நுழையும் முன் ஆபரேட்டர் இன்னாசி எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். அதுதான் எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு.

அந்தக் குழாயில் ஒரு வால்வு கெட்டுப்போய்ச் சிவப்பு வருவதும் போவதுமாக இருந்தது. மீட்டிங்கில் சொன்னேன்.

"வால்வு பூட்ச்சு சார். டெய்லி சிவப்பு காட்டிகினு கீது."

"முதல்ல தமிழ் கத்துக்கிட்டு வாம்மா," என்றார் வரதன் சார். "வால்வைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மேஜையே சிரித்தது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, சார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் படிக்க வைத்தார். தமிழில் நல்ல மார்க்தான்.

பிறகு வெளிநாட்டு வியாபாரிகள் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. "அவங்க இருக்கறப்ப ஸ்கிரீன்ல சிவப்பே வரக்கூடாது. வந்தா உனக்கு வேலை இல்ல," என்றார். வால்வை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. தமிழ் கற்றுக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

ரவுட்டரில் ஒரே ஒரு வரி எழுதினேன். எண்ணூரிலிருந்து வரும் எச்சரிக்கையை மட்டும் தடுத்துக் கீழே போட்டுவிடு என்று. எச்சரிக்கை வராவிட்டால் ஸ்கிரீன் கடைசியாகக் காட்டிய பச்சையிலேயே நிற்கும். ஆனால் தடுத்தது எத்தனை என்று ரவுட்டர் எண்ணி வைத்துக்கொள்ளும். நாணயமான சாமான்.

விருந்தாளிகள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். வரதன் சார் பச்சையைக் காட்டி இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தார். ஓரத்தில் ரவுட்டரின் எண்ணிக்கையை நான் திறந்து வைத்திருந்தேன். அது ஏற ஆரம்பித்தது. நிற்காமல் ஏறியது. வால்வு மொத்தமாகப் போய்விட்டது என்று புரிந்தது. சொல்வதற்கென்ன, நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது சரி.

தடையை எடுக்க, அதே வரிக்கு முன்னால் 'நோ' சேர்த்து என்டரைத் தட்டினால் போதும். 'நோ' அடித்தும் வைத்தேன். என்டரைத் தட்டவில்லை. சிவப்பு வந்தால் என்ன நடக்கும்? வால்வை மாற்றுவார்கள், கூடவே என்னையும். வரதன் சார் அப்படியே இருப்பார். ஒரு ஆள் விழுந்தால்தான் சார், எங்களைப் போன்றவர்கள் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

போன் அடித்தது. இன்னாசி.

"தங்கச்சி, வாசல்லயே கண்ணு எரியுது. எப்பவும் எரியறதுதானா, இல்ல ஜாஸ்தியா? உன் பொட்டில இன்னா காட்டுது?"

"பச்சைதாண்ணே."

"நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். எம் பொண்ண இன்னா படிக்க வெக்கலாம்னு கேட்டேனே, சாய்ங்காலம் சொல்லு இன்னா?"

போனை வைத்துவிட்டு உள்ளே போனார்.

வரதன் சாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஆட்சேபமில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம்தான். ஆனால் பேப்பரில் 'ரவுட்டர் கோளாறு' என்று போட்டிருந்தார்கள். என் ரவுட்டரில் கோளாறு கிடையாது. அதைச் சொல்லத்தான் நானே வந்தேன்.

இன்னாசியைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சார். அந்தக் கம்பெனியில் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே மனிதர் அவர்.