ரயில் இல்லாத ஊருக்கு

கிருசாந்தி: ஐயோ, நிப்பாட்டுங்கோ! எல்லா ரொட்டியையும் சுட்டு அடுக்கினா எப்பிடி? கீழ இருக்கிறது காய்ஞ்சு வெடிக்கப்போகுது.

நிலக்சன்: ரோல்சுக்கு ரொட்டி சுடச் சொன்னீர், சுட்டன். கட்டினவன்ர கையால சுட்டா அதுவும் பிழையோ?

கிருசாந்தி: ஒண்டு சுட்டவுடன இஞ்சால தாங்கோ. நான் கறியை வைச்சுச் சுத்துறன். ஒராளின்ர கைக்காக மற்றாள் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது.

நிலக்சன்: சரி மனேஜர் அம்மா. இது எங்கட குசினியோ, உம்மட பக்டரியோ?

கிருசாந்தி: உங்களுக்கென்ன, சனிக்கிழமை வந்தா உங்கட சிநேகிதன் யூட்சன்ர காரைத் திருத்தப் போயிடுவியள். குசினி ஆற்ற பொறுப்பு? ம்... ஐஸ்லாந்திலயும் இதே வருத்தம்தானாம்.

நிலக்சன்: ஐஸ்லாந்தோ? ரோல்சுக்கும் ஐஸ்லாந்துக்கும் என்ன...

கிருசாந்தி: சொன்னனே, எங்கட வேலையிடத்துச் சந்திரகாந்தி அக்கா. அங்க ஒரு மீன் பக்டரியில அவவைக் கேட்டிருக்கினம். வந்து வேலையைச் சீராக்கித் தரட்டாம். ரெண்டு வருசத்துக்கு.

நிலக்சன்: மீன் வெட்டவோ?

கிருசாந்தி: பகிடி விடாதேங்கோ! சின்ன நாடு, ஆள் குறைவு. இருக்கிற சனம் மாய்ஞ்சு மாய்ஞ்சு வேலை செய்யுது, ஆனா வெளிய போற பெட்டி கொஞ்சம். சனத்தில பிழையில்லை. ஒரு பக்கம் மீன் குவிஞ்சு கிடக்கு, மற்றப் பக்கம் ஆக்கள் சும்மா நிக்கினம்.

நிலக்சன்: என்ர ரொட்டி மாதிரி.

கிருசாந்தி: ஓம், உங்கட ரொட்டி மாதிரி.

நிலக்சன்: அப்ப அக்கா போய் என்ன செய்வா? விசில் ஊதுவாவோ?

கிருசாந்தி: முதல்ல, மேல்மாடியில இருக்கிற மனேஜர்மாரைக் கீழ கூட்டிக்கொண்டு வரோணும். வேலை செய்யிற சனத்தையே கேக்கோணும். கேக்காமத் தாங்களா முடிவெடுத்தா ஒண்டும் சரிவராது.

நிலக்சன்: அருமை... அக்கான்ர மனுசன் என்ன சொல்றாராம்?

கிருசாந்தி: அவருக்கு... இன்னும் சொல்லேல்லையாம்.

நிலக்சன்: அடக்கடவுளே! மீன் வெட்டுற சனத்தைக் கேக்கோணும், வீட்டில ரொட்டி சுடுறவனைக் கேக்கத் தேவையில்லையோ?

கிருசாந்தி: பயம்தான். அந்தாள் ஆசைப்பட்டு எடுத்த வேலை இஞ்ச இருக்கு. அங்க போய் என்ன செய்வார்? அந்த ஊரில ரயிலே இல்லை.

நிலக்சன்: அவர் பேக்கரியிலயல்லோ வேலை? அவருக்கு ரயில் என்னத்துக்கு?

கிருசாந்தி: அது... அடுத்த ரொட்டியைத் தாங்கோ.

நிலக்சன்: ஜேர்மனியில, இந்த வுப்பர்டால் ஊரில தொங்கு ரயில் ஓட்டுற தமிழன் எனக்குத் தெரிய நான் ஒருத்தன்தான்.

கிருசாந்தி: ரொட்டி... ரொட்டி கருகுது, பாருங்கோ.

நிலக்சன்: கருகட்டும். குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இங்கிலீசில கதைக்கிறீர். கொஞ்ச நாளா இதுதான் நடக்குது. எனக்குக் காது செவிடோ?

கிருசாந்தி: கோவமோ?

நிலக்சன்: கொஞ்சம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிருசாந்தி: கேட்டா எனக்காக ஓமெண்டுவியள். பிறகு அந்த நாட்டுக் குளிர்கால இருட்டுக்குள்ள வேலையில்லாம இருந்து வாடுவியள். அதைப் பாக்க எனக்கு ஏலாதப்பா. அதுதான்... நான் வரேல்லையெண்டு நாளைக்கு ஐஸ்லாந்துக்காரருக்குச் சொல்லுவமெண்டு இருந்தன்.

நிலக்சன்: சொல்லாதேயும்.

கிருசாந்தி: விசர்க்கதை! அங்க நீங்கள் என்ன செய்வியள்? சனிக்கிழமையில திருத்த யூட்சன்ர காரும் இராது...

நிலக்சன்: யூட்சனிட்டக் காரே இல்லையப்பா. சனிக்கிழமையில நான் பஸ் ஓட்டப் பழகுறன். ரயில் இல்லாத ஊரில பஸ் ஓடும்தானே?