நூற்றுப் பன்னிரண்டாம் நேர்காணலுக்கு நான் போட்ட மூன்று

நெஞ்சின் நீதியை நிலைநிலையாய் நிறுத்தறிந்த நிகரற்றவரே! பிள்ளைகளின் பேச்சில் பொதிந்த பொறுப்புணர்வைப் பென்சில் முனையால் பிரித்தெடுத்த பேராற்றலே! இருபத்தைந்தாண்டுக் காலம் எங்கள் அறையின் தலைமை மதிப்பீட்டாளராக வீற்றிருந்து, இன்று எங்கள் அன்பையும், ஒருத்தியின் வயிற்றெரிச்சலையும் ஒருசேரப் பெற்று விடைபெறும் வினிஃப்ரெட் டோஹர்ட்டி அம்மையாரே, வணக்கம்.

1959ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் நகரில், இந்தப் பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில், வெந்நீர்க் குழாய் ஓயாமல் முனகும் இந்த அறைக்குத் தாங்கள் வந்தீர்கள். மூடுபனியில் படகை எடுக்கக் கூடாது என்பது துறைமுக அதிகாரியின் உத்தரவு, அக்கரையிலோ தங்கை உயிருக்குப் போராடுகிறாள், படகுக்காரன் போகலாமா? பத்து வயதுப் பிள்ளைகள் முதல் பல் போன பாதிரியார்கள் வரை இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்களைத் தாங்கள் வரிவரியாய் வாசித்தீர்கள். போகலாம் என்றாலும் மதிப்பெண் இல்லை, கூடாது என்றாலும் இல்லை. ஏன் என்று சொல்கிறார்களே, அந்தக் காரணத்துக்கே மதிப்பெண். தண்டனைக்குப் பயந்து பேசும் முதல் நிலை தொடங்கி, ஊரார் மெச்சப் பேசும் மூன்றாம் நிலை கடந்து, தானே தேர்ந்த நெறியால் பேசும் ஆறாம் நிலை வரை, ஆயிரத்து எழுநூறு நேர்காணல்களைத் தாங்கள் அளந்திருக்கிறீர்கள்.

அறிவும் அடக்கமும் அணிகலனாய் அமைந்தவரே! நாங்கள் ஒரு நேர்காணலோடு ஒரு முற்பகல் முழுவதும் மல்லுக்கட்டுவோம். தாங்கள் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்து வைப்பீர்கள். சிகாகோவிலிருந்து பேராசிரியர்கள் வந்தால், வாசலில் நிற்கும் என்னிடம் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "வினிஃப்ரெட் எங்க இருக்காங்க?" என்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் மாட்டிவைத்த மேலங்கிகள் எத்தனையோ! நம் மதிப்பீட்டுக் கையேட்டின் அட்டையில் தங்கள் பெயர் இருக்கிறது; பதினேழாம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், "உதவி: லூசில் பூட்ரோ" என்று இருக்கிறது. கோபம் எனக்கு அச்சுக்காரர் மேல் மட்டும் அல்ல.

மடலின் இதுவரையிலான பகுதியைப் படித்துவிட்டு, என்னோடு மதிப்பிடும் நோர்மாவும் மற்ற மூவரும் கையெழுத்திட்டார்கள். "வயித்தெரிச்சல்னு போட்டிருக்கியே, அதை எடுத்துடு லூசில்" என்றாள் நோர்மா. "சபையில சிரிப்பாங்கடி, இருக்கட்டும்" என்றேன். இனி வருவதை அவர்கள் படிக்கவில்லை. இதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

இயக்குநர் ஹாஸ்கெல் அவர்களே, தாங்களும் கேளுங்கள். திங்கட்கிழமை முதல் வினிஃப்ரெட்டின் நாற்காலியில் என்னை அமர்த்தும் உத்தரவு தங்கள் கோட்டுப் பையில் இருக்கிறது. இந்த வழியனுப்பு விருந்து முடிந்ததும் கையெழுத்திடுவதாகச் சொன்னீர்கள். அந்த நாற்காலிக்கு நான் எத்தனை ஆண்டு ஏங்கியிருக்கிறேன் என்பது இந்த அறைக்கே தெரியும். ஆயினும் கையெழுத்துக்கு முன் தாங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1971ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், மதிப்பிடுகிறவர்களும் ஒருமுறை கேள்விக்கு உட்கார வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டீர்கள். எங்கள் நேர்காணல்களும் பெயர் நீக்கி, எண் இட்டு, பிறருடையவற்றோடு கலக்கப்பட்டன. நூற்றுப் பன்னிரண்டாம் எண் என் மேசைக்கு வந்தது. "இருங்க, இதை முதல்ல இருந்து சொல்றேன்" என்று மூன்று இடத்தில் தட்டச்சாகியிருந்தது. இந்தக் கட்டடத்தில் அப்படிப் பேசுகிறவர் ஒருவர்தான். தெரிந்த குரல் என்றால் தாளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நம் அறையின் முதல் விதி. நான் தரவில்லை.

அதே தாளுக்கு நோர்மா ஐந்து போட்டிருந்தாள். நான் மூன்று போட்டேன். இரண்டு நிலை வித்தியாசம் என்பதால் வட்ட மேசை கூடியது. தலைமையில், வினிஃப்ரெட் அம்மையாரே, தாங்கள் இருந்தீர்கள். "இதுல நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றீர்கள். படகுக்காரன் போகாவிட்டால் தங்கை என்ன நினைப்பாள், ஊர் என்ன பேசும் என்று வரும் வரிகளை ஒவ்வொன்றாய்ப் பிடித்து நான் வாதாடினேன். நோர்மா களைத்துப் போய், "சரிம்மா, மூணே இருக்கட்டும்" என்றாள். தாங்கள் பென்சிலை எடுத்து மூன்று என்று எழுதினீர்கள். அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் என் மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

பதின்மூன்று ஆண்டு கழித்து, சென்ற செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில், சிப்பிச் சாற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அதைத் தங்களிடம் சொன்னேன்.

"வினி, நூத்துப் பன்னிரண்டு உங்களோடதுன்னு தெரிஞ்சேதான் மூணு போட்டேன்."

"தெரியும்" என்றீர்கள்.

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னைக்கே. வேற யாருக்கும் நீ அரைப் பக்கத்துக்கு மேல காரணம் எழுதினதில்ல. எனக்கு நாலு பக்கம் எழுதியிருந்தே."

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"நாலு பக்கத்தையும் படிச்சேன் லூசில். நீ சொன்னது சரி. நான் அன்னைக்கு மூணுதான். உப்பை இப்படித் தள்ளு."

உப்பைத் தள்ளினேன். நான் போட்ட மதிப்பெண் சரியாம்! போட்ட காரணமோ பொறாமை. விடையைப் பாராதே, காரணத்தைப் பார் என்று எல்லோருக்கும் கற்றுத்தந்த அறையில், என் விடை மட்டும் தேறி, நான் தேறாமல் நிற்கிறேன்.

மாண்பிலும் மௌனத்திலும் மிக்கவரே! மனச்சாட்சி உறுத்தியதால் இதைச் சபையில் சொல்கிறேன் என்று முதலில் எழுதினேன்; பொய் என்பதால் அடித்துவிட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பதின்மூன்று ஆண்டு பொறுத்திருந்த பெருந்தன்மையும் தங்களுக்கே போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன். இயக்குநர் அவர்களே, நாற்காலியை நோர்மாவுக்குக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தால் அதற்கும் எரிவேன். கொடுப்பதும் மறுப்பதும் தங்கள் விருப்பம். ஏன் என்று மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

மேய்ன் கடலோரத்தில் தாங்கள் வாங்கியிருக்கும் சிறு வீட்டில், மூட்டுவலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காமல், எங்கள் எவருடைய வழக்கையும் தீர்க்க வேண்டிய தொல்லையின்றி, நூறாண்டு நலமோடு வாழ்க! நோர்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போதும், வினி. கடிதம் எழுதினால் எனக்கு மட்டும் எழுதுங்கள்.

நோர்மாவும் மூவரும், பாதி வரை;
முழுவதற்கும், லூசில் பூட்ரோ
மதிப்பீட்டு அறை, நான்காம் மாடி
ஜூன் 1984