வெடி நாளில் வருகிறவர்

ஓடுகிறேன். பங்கர் வாசல் எதிரே தெரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் 'பொத்' என்று ஒரு சத்தம். குண்டு கிளம்பிவிட்டது. இனி விசில் வரும். விசில் நீண்டுகொண்டே போனால் குண்டு நம்மைத் தாண்டிப் போகிறது. பாதியில் அறுந்தால் படுத்துவிட வேண்டும். அறுந்தது.

"படுடா!"

கத்தியவன் முருகேசன். காடாம்புலியூர்க்காரன். எனக்கு முன்னால் ஓடியவன் திரும்பி நின்று கத்தினான். நான் படுத்தேன். அவன் படுக்கவில்லை. நேரமில்லை. மண் எழும்பி என் முதுகில் விழுந்தது. வலது காதில் 'ங்ங்' என்று ஒரு சத்தம். இன்றுவரை அது நிற்கவில்லை. வாசலில் ரேடியோ செட்டோடு இருந்த பிஸ்வாஸும் போய்விட்டான். மத்தியான நேரம். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

இது நெய்வேலி. எல்லை இங்கிருந்து ரொம்ப தூரம். உடல்நிலையைக் காரணம் காட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு சுரங்கத்தை ஒட்டிய காலனியில். கெட்டிப் பாறையை உடைக்கச் சில நாள் மத்தியானத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சைரன். கொஞ்சம் பொறுத்து 'தொம்'. தரை அதிரும். ஜன்னல் கண்ணாடி 'கிர்ர்' என்னும். நான் இங்கேயே பிறந்தவன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. சின்ன வயதில் அந்தச் சத்தத்தில் சோறு தின்றேன், தூங்கினேன். இப்போது முடியவில்லை.

வந்த பிறகு முதல் வெடி. மகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி அவள்மேல் படுத்துக்கொண்டேன். ஆறு வயதுப் பிள்ளை. மூச்சு முட்டிப்போனாள். என் மனைவி செல்வி பிடித்து இழுத்தும் நான் நகரவில்லையாம். எனக்கு நினைவில்லை. அடுத்த வெடியிலும் அப்படியே. செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. பயந்து போனாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகுதான் தண்டபாணி வர ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற சுபேதார். எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் மூத்தவர். நரைத்த மீசை, பழைய மொபெட். மத்தியானத்தில் வருவார். ஒருநாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருநாள் ஏணி இரவல் கேட்டார். மொபெட்டில் ஏணியை எப்படிக் கொண்டுபோவார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், எடுத்துப்போகவேயில்லை. இன்னொரு நாள் முழுப் பலாப்பழம். வீட்டில் யாரும் தின்பதில்லை என்றார். காரணமில்லாமல் பலாப்பழம் தருகிறவரை நான் நம்புவதில்லை.

மிலிட்டரி கேன்டீனில் எனக்குக் கிடைக்கும் பாட்டில்மேல் கண் வைத்திருக்கலாம். நான் குடிப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். இல்லையென்றால் சங்கத் தேர்தல். ஓட்டுக்கு இப்போதே அச்சாரம். அதுவும் இல்லையென்றால் செல்வி வீட்டார் வைத்த ஆள். என்னை வேவு பார்த்துக் குறிஞ்சிப்பாடிக்குச் சேதி சொல்கிறார். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ஆள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் என் மகள் திரும்பி வரமாட்டாள்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். வெடி நாளில் மட்டும்தான் வருகிறார். மற்ற நாளில் கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். சுரங்கத்தில் செக்யூரிட்டியாக இருந்தவர், என்றைக்கு வெடி என்று விசாரித்துவிடுவார். வெடிக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில் கிடப்பேன், அவர் வாசலில் என்ன செய்கிறார் என்று பார்த்ததில்லை. ஆக, நான் நடுங்குவதைப் பார்க்கத்தான் வருகிறார். எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வெடி நாள். கதவை உள்ளே தாழிட்டேன். செருப்பையும் உள்ளே எடுத்து வைத்தேன். மொபெட் சத்தம் வந்து அடங்கியது. "பழனி" என்று கூப்பிட்டார். நான் ஜன்னல் ஓரம் ஒதுங்கினேன். ஆளில்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டால் வேவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

சைரன் ஊதுகிறது. ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன். அவர் போகவில்லை. என் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்காருகிறார். முழங்காலை மடக்குகிறார். இரண்டு காதையும் பொத்துகிறார். வாயை அகலமாகத் திறக்கிறார்.

வாயைத் திறந்து வைத்தால் காது ஜவ்வு தப்பிக்கும் என்பார்கள். ஷெல் அடியில் கிடந்தவனுக்கு அது தானாக வரும். கண்ணை இறுக மூடியிருந்தார். மீசை நடுங்கியது. தாழைத் திறந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'தொம்'. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் நகம் பதிந்தது. நான் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

மூச்சு சீரான பிறகு சொன்னார். "ஒண்டியா இருந்தா எனக்கு ஆவறதில்ல தம்பி. உனக்காக வரேன்னு நெனச்சிக்கினியா?"

ஷெல் அடிபட்டவர்களைச் சங்கத்தில் ஜோடி சேர்த்துவிடுவார்களாம். வெடி நாளில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. அவருடைய ஜோடி போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று கேட்காமலே வந்திருக்கிறார்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. சந்தேகம் என் பிறவிக் குணம். கேன்டீன் பாட்டிலைத் தண்டபாணி பிறகு கேட்கத்தான் செய்தார். கொடுத்தேன். ஆனால் முருகேசன் சவப்பெட்டியில் வந்தபோது தோள் கொடுத்தவர்கள் இந்தச் சங்கத்தார். அவன் அம்மாவுக்குக் கேன்டீன் சாமானை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இவர்கள். குறிஞ்சிப்பாடிக்குப் போய்ச் செல்வியைப் பார்த்தவர் தண்டபாணியின் மனைவி. என்னைப் பற்றி எதுவும் பேசவில்லையாம். தன் வீட்டில், தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டதைச் சொன்னாராம். கேட்டுவிட்டுச் செல்வி வந்தாள். உள்ளே கால் வைக்குமுன் தண்டபாணியைப் பார்த்துச் சொன்னாள்.

"வெடி நாள்ல நீங்க இங்க வந்து குந்தணுங்க. வரலன்னா நான் புள்ளையக் கூட்டிகினு பஸ் ஏறிடுவேன்."

இதுவரை அவர் தவறவில்லை.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். முருகேசன். பிஸ்வாஸ். ஆள் இரண்டு. என் வலது காது. ஒரு முந்திரிக் காலம் முழுக்க மகள் இல்லாத வீடு. இன்னொன்றும் உண்டு. சைரன் ஊதினால் தெருப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்துவதில்லை. என் மகள் நிறுத்துகிறாள். ஓடிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். அதையும் இழப்பில்தான் சேர்க்கிறேன்.