எண்பது நல்ல பற்கள்

உங்கள் மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் லேசாகத் தலையை நீட்டுகிறது, ஐயா. பயப்பட வேண்டாம், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பல்லுக்குக் கிளிப் போடுகிறவன் நான். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பார்த்துவிடுவேன், பழக்கதோஷம்.

பசையைப் பற்றிக் கேட்டீர்கள். கிளிப் என்பது பல்லுக்குப் பல் ஒட்டுகிற சின்ன உலோகத் துண்டும், அவற்றைக் கோக்கிற கம்பியும்தான். பழைய முறையில் பல்லை அமிலம் தடவிச் சுரசுரப்பாக்கி, கழுவி, காயவைத்து, பிறகு பசை வைக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் போச்சு. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் துண்டு பெயர்ந்துவிடும். அம்மா அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வருவாள், பின்னாலேயே பிள்ளை அழுதுகொண்டு வரும். அப்போதுதான் புதிதாக ஒரு பசை வந்தது. கழுவவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். பழையது போலவே இதுவும் பிடிக்கும் என்று நிரூபித்துவிட்டால் எத்தனை பிள்ளைகளுக்கு நிம்மதி. என் நோக்கத்தில் நீங்கள் குற்றம் சொல்ல முடியாது.

நிரூபிக்க எண்பது பல் வேண்டும். நாற்பது பழைய பசைக்கு, நாற்பது புதியதற்கு. பல்லில் துண்டை ஒட்டி, இயந்திரத்தில் பொருத்தி, ஒரு கத்திமுனையால் தள்ள வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் பெயர்கிறதோ அதுதான் பிடிப்பின் அளவு. கிழவர்களின் ஆடிப்போன பல் இதற்கு உதவாது. சொத்தை கூடாது, கீறல் கூடாது. பல்வரிசை நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இடம் பண்ணுவதற்காகக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கிற நாலு பல்லை எடுப்போம். அந்த நாலும் முத்து மாதிரி இருக்கும். எடுத்த காரணத்தை அறிக்கையில் இப்படித்தான் எழுத வேண்டும்: 'பற்கள் அனைத்தும் தேவை கருதி எடுக்கப்பட்டவை.'

ஒன்பது பிள்ளைகளிடமிருந்து முப்பத்தாறு பல் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எடுக்காமலே சரிசெய்யக்கூடிய வாய்கள். எடுப்பதா வேண்டாமா என்பது ஒரு மில்லிமீட்டர் விஷயம், ஐயா. அளவுகோல் யார் கையிலோ, மில்லிமீட்டரும் அவர் கையில்.

"எடுத்துத்தான் ஆகணுமா டாக்டர்?" என்று அடுத்த பிள்ளையின் அப்பா கேட்டார்.

"தேவைப்படுது" என்றேன்.

பொய் இல்லை, தேவை இருந்தது. யாருடைய தேவை என்று அவர் கேட்கவில்லை. இப்படி எடுத்தது மட்டும் பத்துப் பிள்ளைகளுக்கு. கணக்கு எழுபத்தாறுக்கு வந்தது.

பிடுங்கிய பல்லைத் தண்ணீரில் போட்டு ஆறு மாதத்துக்குள் சோதித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தச் சோதனையை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். முதலில் எடுத்த பற்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என் தங்கை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள்மேல் எனக்கு உயிர்.

"மாமா, கிளிப் போட்டா விசில் அடிக்க முடியுமா?" என்றாள் நாற்காலியில் ஏறியதுமே.

அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. கம்பி மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் நேராகிவிடும். நாலு பல் எடுக்க வேண்டும் என்றேன்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இவளுக்குப் போனா வீடாவது கொஞ்சம் அமைதியாகும்" என்று தங்கை சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, இவளுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வருது. சின்னதா கீறினாக்கூட சீக்கிரம் நிக்க மாட்டேங்குது. ஒண்ணும் ஆகாதே?" என்றாள்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்க வேண்டும். முடிவு வர நாலு நாள் ஆகும், அதாவது சனிக்கிழமை.

"நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படுற?"

"நீ சொன்னா சரி" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

நாலையும் ஒரே தடவையில் எடுத்தேன். கீறல் விழாமல் எடுப்பதில்தான் கவனம் முழுக்க இருந்தது. வாலு அழவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை தங்கை போன் செய்தாள், ரத்தம் கசிகிறதாம். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். வியாழக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டாள். அப்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் விட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை அது.

"ரத்தத்த விழுங்கிக்கிட்டே இருக்கா அண்ணா. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. நீ ஒரு தடவை வந்து பாரேன்" என்றாள் கடைசித் தடவை.

"காலைல கூட்டிட்டு வா" என்றேன்.

காலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாலு ஒன்றும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மீதிப் பற்களைச் சாயங்காலம் சோதித்து முடித்தேன். கெடு தாண்டவில்லை.

ஆக, என் வாக்குமூலமாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பதினொரு பிள்ளைகளின் நாற்பத்துநாலு பல்லை அவசியமில்லாமல் பிடுங்கியவன் நான். தங்கை மகளுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது என்று கேட்ட பிறகும் எடுத்தவன் நான். கூப்பிட்டபோது போகாதவனும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. இரண்டு பசைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. அந்தத் தாள்களை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு உபயோகப்படும்.

தப்பு என்று எனக்கே உறுத்துவது ஒன்றே ஒன்றுதான், ஐயா. எந்தப் பல் எந்தப் பசைக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும், அதுதான் முறை. வாலுவின் நாலு பல்லுக்கு மட்டும் நான் குலுக்கவில்லை. நேராக எடுத்துப் புதுப் பசைப் பக்கம் வைத்துவிட்டேன். தாய்மாமன் இல்லையா, பிள்ளைக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.