பெட்டிக்குள் இரண்டு சீட்டுகள்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா. இருபத்திரண்டு வருஷமாக ஃபைபர் கேபிள் இணைக்கிறவன் நான். காற்று அடிக்கிற இடத்தில் எனக்குக் கையும் ஓடாது, பேச்சும் வராது. தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை அது. ஒரு தூசி ஒட்டினால் போச்சு.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேலுறையை உரித்து, துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு நுனிகளையும் மெஷினில் எதிரெதிரே வைத்தால் ஒரு பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். மிச்ச இழையைத் தட்டில் அகலமாகச் சுற்றிவைத்துப் பெட்டியை மூட வேண்டும். மூடும்முன் தேதியும் தன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே போடுவது எங்கள் வழக்கம். நாளைக்குக் கோளாறு வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே.

என் தங்கை வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, என் குழுவில்தான் இருந்தார். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். நான் ஓர் இழை முடிப்பதற்குள் அவர் மூன்று முடிப்பார். ஒருநாள் இன்ஜினியர் எல்லோர் முன்னாலும், "இனிமே ஜாயின்ட் எல்லாம் அவரே பார்க்கட்டும். நீங்க குழிக்கு மேல குடை பிடிங்க, போதும்" என்றார். பிடித்தேன். ஒரு மாசம் பிடித்தேன். மாப்பிள்ளையின் பிடரியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவருக்கு ஒரு கெட்ட பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அவர் மூடிய ஒரு பெட்டியை மறுநாள் காலை தனியாகப் போய்த் திறந்தேன். எதையும் அறுக்கவில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இழையைச் சின்ன வளையமாக இறுக்கிச் சுற்றினேன். அப்படிச் சுற்றினால் வெளிச்சம் வளைவிலேயே கசிந்துவிடும். காலையில் தாங்கும், உச்சிவெயிலில் பெட்டி சூடானதும் லைன் போகும், சாயங்காலம் தானாக வந்துவிடும். சோதிக்க வருகிறவனுக்குத் தலை சுற்றும்.

எந்த இழை என்று யோசித்துத்தான் எடுத்தேன். வீட்டு லைன் என்றால் ஒரு புகாரோடு போய்விடும். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்புகளை எடுக்கிற அறைக்குப் போகிற லைன் என்றால்தான் மேலிடம்வரை போகும். அதன் மாற்று லைன் சாலை வேலையில் அறுபட்டுக் கிடந்தது எனக்குத் தெரியும்.

மூன்று நாள் மதியம் லைன் போனது. மாப்பிள்ளை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நாலாம் நாள் மதியம் என் தங்கைக்கு மூச்சிரைப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உண்டு. வீட்டில் தனியாக இருந்தாள். மாப்பிள்ளை கோளாறைத் தேடி வேறு பெட்டிகளாகத் திறந்துகொண்டிருந்தார். தான் மூடியதில் தப்பு இருக்காது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் ஆம்புலன்ஸுக்கு ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் அந்தப் பெட்டியையும் திறந்திருக்கிறார். இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மச்சான், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"நான் மூடினதுக்கு மறுநாள் தேதி போட்டிருக்கு."

"ஆமா, மாப்ள."

இரண்டு சீட்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை. சீட்டு எழுதியது எனக்கு நினைவே இல்லை, ஐயா. பெட்டியை மூடும்போது கை தன்பாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறது. ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு இதுதான் கதி.

அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அலுத்துவிட்டது. தேதியும் போடட்டுமா?

ஒன்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை. நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். ஓடி வந்திருப்பேன். பிடிவாதக்காரி, ஏழு தடவை அங்கேயே கூப்பிட்டதற்கு ஒரு தடவை அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். என் லைன் நன்றாகத்தான் இருந்தது.