பனியை எங்காவது தள்ளத்தான் வேண்டும்

அன்று எவ்வளவு பனி விழுந்திருந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. முழங்கால் அளவு என்று தோன்றுகிறது. என் மனைவி மொரீன், கணுக்காலுக்குச் சற்று மேலேதான் இருந்தது என்பாள். நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

குளிர்காலத்தில் என் பிக்கப் வண்டியின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு, கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் பனி தள்ளுவேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான். தேவாலயத்தின் பின்புறத்தை மட்டும் காசு வாங்காமல் செய்து கொடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விடியும்போது நான் ஏன் அங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

மாவட்டத்தின் சிறப்பு உயர்நிலைப் பள்ளி உங்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளி, ஆனால் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. முன்பு நுழைவுத் தேர்வு இருந்தது. அந்த வருடம் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் மதிப்பெண் வரிசையில் முதல் நான்கு பேர் என்று மாற்றினார்கள். என் மகள் பிரிஜெட் ஐந்தாவதாக இருந்தாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக் குழுவின் கூட்டம் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். முடிந்தால் மேசைமேல் சிவப்பு விளக்கு எரியும். கைதட்டக் கூடாது என்பது விதி. பேச்சு பிடித்திருந்தால் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைக்கலாம்.

கில் பஷேகோ முதலில் எழுந்தான். கூரை வேலை செய்பவன், குரல் பெரிது. "இது பள்ளிக்கூடமா, கட்சி ஆபீஸா? என் பையன் வகுப்புல அல்ஜீப்ராவைத் தவிர எல்லா அரசியலும் நடத்துறாங்க" என்றான். பின்னாலிருந்து ஒரு பெண், "உன் பையன் அல்ஜீப்ரா வகுப்புக்கு வந்தாத்தானே, கில்" என்றாள். தலைவர் மேசையைத் தட்டினார்.

பிறகு நான் பேசினேன். "கணக்குக்குக் கட்சி கிடையாது. தேர்வுத்தாளுக்கு யார் அப்பா, எந்தத் தெருன்னு தெரியாது. அதை எடுத்துட்டு எதை நியாயம்னு சொல்றீங்க?" என்றேன். நல்ல பேச்சு. எங்கள் பக்கத்துக் கைகளெல்லாம் எழுந்து அசைந்தன.

அடுத்து லூசிண்டா அந்த்ராடே வந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். கணவன் இல்லை, இவோன் என்று ஒரே மகள். இவோனும் பிரிஜெட்டும் ஒரே வகுப்பு. இருவரையும் நான்தான் காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போவேன். நான்காவது இடத்தில் இருந்தது இவோன்.

"ரஸ்ஸல் டியர்னி என் நண்பர்" என்றாள் லூசிண்டா. "அவரு பேசினா எனக்கே கையைத் தூக்கணும்னு தோணுது. ஆனா ரஸ், பழைய தேர்வுத்தாளை ரெண்டு பிள்ளைங்களும் உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உக்காந்துதானே எழுதிப் பாத்தாங்க? யாருக்கு எவ்வளவுன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். "வேண்டாம், பாவம். தேர்வே திரும்ப வரட்டும். எங்களுக்கு ஒண்ணும் பயமில்ல."

சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் கைகள் எழுந்தன. கில்லின் கைகளும். அத்தனை கைகள், ஒரு சத்தமும் இல்லை. நான் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் லூசிண்டா குடியிருந்த கட்டடம் கைமாறி, எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். அவளுடைய அக்கா வீடு வேறு மாநிலத்தில். அங்கே போனால் மகளின் இடம் போய்விடும் என்று பயந்து, பாதிரியாரிடம் அனுமதி வாங்கி, தேவாலயத்தின் பின்னால் வேனை நிறுத்தி அதிலேயே தங்கினாள். பனி தள்ளப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க ரஸ். ஜூன் வரைக்கும் தாங்கிட்டாப் போதும்" என்றாள்.

மொரீனிடம் மட்டும் சொன்னேன். "நம்ம கீழறை சும்மாதானே கிடக்கு, கூப்பிடுவோமா?" என்று கேட்டாள். லூசிண்டாவுக்கு ரோஷம் அதிகம், வர மாட்டாள் என்றேன். நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

வெளியூர்ப் பிள்ளைகள் யாராவது ஏமாற்றிப் படித்தால் சொல்வதற்கு மாவட்டத்தில் ஒரு தொலைபேசி எண் உண்டு. பெயர் சொல்லாமல் பேசினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "வீடில்லாத பிள்ளைன்னா அதே ஸ்கூல்லதான் சார் இருக்கலாம், சட்டமே இருக்கு. நல்லவேளை சொன்னீங்க. யாருன்னு சொன்னா பஸ் கூட ஏற்பாடு பண்ணலாம்" என்றாள். நான் வைத்துவிட்டேன். விதிப்படி என்ன செய்ய முடியுமோ அதை முதலில் செய்து பார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பனி தள்ளுகிற எவனுக்கும் ஒன்று தெரியும். இன்ஜின் ஓடுகிற வண்டியின் புகைக்குழாயைப் பனி மூடினால் புகை உள்ளேதான் போகும். அதிலுள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. லூசிண்டாவுக்கும் சொல்லியிருந்தேன். "பனி விழுந்தா முதல்ல இறங்கிக் குழாயைத் தோண்டி விடு." "சரிங்க அப்பா" என்று கேலி செய்தாள்.

அன்று பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதனால்தான் அவர்கள் எழுந்திருக்கவில்லை. விடிந்துகொண்டிருந்தது. வேனின் இன்ஜின் சூட்டுக்காக ஓடிக்கொண்டிருந்தது. குழாயைச் சுற்றித் தோண்டிய அடையாளம் இருந்தது. அவள் கவனமானவள்தான்.

என் வண்டிச் சத்தத்தில் இவோன் மட்டும் விழித்திருக்க வேண்டும். ஆவி படிந்த கண்ணாடியை உள்ளிருந்து கையால் துடைத்துப் பார்த்தாள். நான் என்று தெரிந்ததும் கை காட்டினாள். நானும் கை காட்டினேன். அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். பிறகு தகட்டை இறக்கினேன்.

பனியை எங்காவது தள்ளத்தான் வேண்டும். வேலியோரம் இடம் இருந்தது, மறுக்கவில்லை. நான் வேனின் பின்னால் தள்ளினேன். கோபமாக இருந்ததாக நினைவில்லை. குழாய் மறைந்த பிறகும் இன்னொரு முறை தள்ளினேன். இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று. பிறகு என் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டு, குடுவையிலிருந்த காப்பியைக் குடித்தேன். வேன் கண்ணாடியில் இவோன் துடைத்த இடத்தை ஆவி மெல்ல மூடியது. மறுபடி துடைப்பாளா என்று பார்த்திருந்தேன். துடைக்கவில்லை. வீட்டுக்குப் போனேன்.

"இவோனை ஏத்திக்கலையாப்பா?" என்று பிரிஜெட் காரில் கேட்டாள்.

"இன்னைக்கு அவங்க வரலைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

பாதிரியார்தான் வேனின் கதவை உடைத்தார். ஆளில்லாத வண்டி என்று நினைத்தேன், கண்ணாடியெல்லாம் ஆவி மூடியிருந்தது என்று போலீஸிடம் சொன்னேன். விபத்து என்று முடித்தார்கள். அடுத்த கூட்டத்தில் லூசிண்டாவுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். அந்த மௌனத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். இப்போதும் பனி விழுகிற காலைகளில் அது வந்துவிடுகிறது. கண்ணாடிகளுக்குப் பின்னால் கைகளும்.

மொரீன் வருடம் ஒருமுறை இவோனைப் பார்க்கப் போவாள். போன மாதம் திரும்பி வந்து சொன்னாள்: "அந்தக் காலையில ஒண்ணே ஒண்ணுதான் அவளுக்கு ஞாபகம் இருக்காம். யாரோ அவளுக்குக் கை காட்டினாங்களாம். அம்மாதான்னு நினைச்சிட்டிருக்கா." அதனால்தான் உங்களிடம் வந்தேன். அது அவள் அம்மா இல்லை.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். லூசிண்டா அந்த வேனிலேயே இறந்தாள். இவோன் பிழைத்தாள்; அக்காக்காரி கூட்டிப்போய்விட்டாள். பேசவும் எண்ணவும் மறுபடி கற்றுக்கொண்டு, இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் தொட்டிகளுக்கு மண் நிரப்புகிறாள். நுழைவுத் தேர்வு இரண்டு வருடத்தில் திரும்ப வந்துவிட்டது. கில் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனான். பிரிஜெட் அந்தப் பள்ளியிலிருந்து இரண்டாம் வருடமே விலகினாள். எங்கேயோ மேற்கே இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. மொரீன் கீழறையில் இரண்டு படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றி வைக்கிறாள், வாரா வாரம். தேவாலயத்துக்கு நான் இன்றும் காசு வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிரிஜெட்டுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. நான்காவது இடத்தில் இருந்தாள், விதிப்படி போனாள்.