பூவரசு மரத்தடி எலி வளை

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, திருவிடைமருதூரில் கும்பகோணம் டவுன் பஸ் ஏறினேன். எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மாவும் பத்து வயது மகளும் இருந்தார்கள். மகளின் காலடியில் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டி.

"அந்த ஹாஸ்டல்ல ஒரு எலி வளைகூட இல்லம்மா" என்றாள் மகள், பெருங்குறையாக.

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"சிமெண்டுத் தரையில எலி எப்புடிடி வளை தோண்டும்?"

"இருந்தா காட்டியிருப்பேன். நாங்க இருளரு, வரப்புல வளையப் பாத்தே உள்ள எலியா பாம்பான்னு சொல்லிடுவோம்னேன். கூடப் படிக்கிற பொண்ணுங்க ஒருத்தியும் நம்பல."

"அதையெல்லாம் ஏண்டி அங்க போயி சொல்ற?"

"ஏன் சொல்லக் கூடாது? எலி வளைன்னா வாசல்ல புது மண்ணு கெடக்கும். பாம்பு வளைன்னா வழவழன்னு இருக்கும். அவளுகளுக்குத் தெரியுமா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

வெளியே ஒரு வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது.

"நம்மூர்ல எப்பம்மா அறுப்பு?"

"அடுத்த வாரம். அறுத்து முடிச்சதும் அப்பாவும் நானும் வளை வெட்டப் போவோம்."

"நான் இல்லாமயா?"

"எலி சேத்து வச்ச நெல்லுல ஒனக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன்."

"எடுக்காத. வாய்க்கா ஓரம் பூவரசு மரத்துக்கிட்ட நான் ஒரு வளை பாத்து வச்சிருக்கேன். அத மட்டும் வெட்டாம விடு."

"முழுப் பரீட்ச லீவுக்கு நீ வர்றதுக்குள்ள நெல்லு பூரா எலி தின்னுடும்டி."

"தின்னுட்டுப் போவுது. வளை இருக்கும்ல?"